எட்டுத் திருப்பம்

இமிக்ரேஷன் வரிசையை ஒழுங்குபண்ணுவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்கள் ஒரே ஒரு நாள் அந்தக் கூடத்தில் வந்து நின்று பார்க்க வேண்டும். சொந்த ஊரில் நாலு பேரை அதட்டி வேலை வாங்குகிற ஆளாக இருப்பார். இங்கே வந்தால் வரிசைக்குக் கட்டிய நாடாவுக்கு அடியில் குனிந்து, பத்துப் பேரைத் தாண்டி முன்னால் போய் நின்றுகொண்டு, ஒன்றும் தெரியாதவர் போல விட்டத்தைப் பார்ப்பார். இன்னொருவர் ஒரு மணி நேரம் சும்மா நின்றுவிட்டு, அதிகாரி கையை நீட்டிய பிறகுதான் பாஸ்போர்ட் எந்தப் பையில் இருக்கிறது என்று யோசிக்கவே ஆரம்பிப்பார். புருஷன் பெண்டாட்டிக்குள் வீட்டில் பாக்கி நின்ற சண்டையெல்லாம் இங்கே வந்துதான் தீரும். இத்தனை பேரையும் பதினோரு வருடமாகக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தவளின் சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. கூடத்தில் எல்லாருக்கும் அவள் வரிசையக்கா.

பன்னிரண்டு கவுண்டர்கள் உள்ள கூடம் அது. ஏழுக்கு மேல் திறந்து யாரும் பார்த்ததில்லை. கவுண்டர்களுக்கு முன்னால் இடுப்பளவு உயரக் கம்பங்கள், ஒவ்வொரு கம்பத்தின் தலையிலும் சுருண்டு கிடக்கும் நீல நாடா. நாடாவை இழுத்து அடுத்த கம்பத்தில் மாட்டினால் பாதை; கழற்றினால் வழி. அந்த ஊரில் தங்காமல் அடுத்த விமானம் ஏறிப் போகிறவர்களுக்கும் இந்தக் கூடத்தைவிட்டால் கதி இல்லை. அடுத்த விமானம் மறுபக்கத்து டெர்மினலில் நிற்கும். இங்கே முத்திரை வாங்கிக்கொண்டு, கீழே போய் ரயில் பிடித்து, அங்கே மறுபடி பையைக் காட்டி, வாசல் தேடி ஓட வேண்டும். "கனெக்ஷன் இருக்கறவங்க இந்தப் பக்கம், போர்டிங் பாஸ கையில வச்சுக்குங்க" என்று ஐந்து மொழியில் சொல்ல அவளுக்குத் தெரியும். அந்த ஐந்தில் மூன்று மொழிகளில் வேறு ஒரு வாக்கியம்கூடத் தெரியாது.

ஒவ்வொருவரின் போர்டிங் பாஸையும் வாங்கிப் பார்ப்பாள். அடுத்த விமானம் கிளம்ப ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தால், இடுப்புப் பையில் இருக்கும் சுருளிலிருந்து ஒரு சிவப்பு வட்டத்தைக் கிழித்து பாஸ்போர்ட் அட்டையில் ஒட்டுவாள். சிவப்பு வட்டம் உள்ளவர்களுக்குச் சுவரோரமாகக் குறுக்கு வழி, தனிக் கவுண்டர். கும்பிடாத குறையாக நன்றி சொல்லிவிட்டு ஓடுவார்கள். அடுத்த நிமிடம் அவள் முகம் அவர்களுக்கு மறந்துபோயிருக்கும். அதில் அவளுக்கு வருத்தம் இல்லை. ஓடுகிறவன் எதை நினைவில் வைத்துக்கொள்ள முடியும்?

விதி ஒன்று உண்டு. சொந்தக்காரர் யாராவது அந்த வழியாக வந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சூப்பர்வைசர் அன்றைக்கு உங்களை வேறு கூடத்துக்கு மாற்றிவிடுவார். போன வருடம் ஒருவன் தன் மச்சானைச் சுவரோரமாக அனுப்பிவைத்தான். மறுநாள் காலை அவனுடைய அடையாள அட்டைக்குக் கதவு திறக்கவில்லை. அதோடு சரி.

வரிசையக்கா சொல்லவில்லை. மகள் வருகிறாள் என்று யாரிடமும் மூச்சுவிடவில்லை.

மகளுக்கு ஐந்து வயது நடக்கும்போது அவள் அப்பா காய்ச்சல் கண்டு நாலே நாளில் போய்ச் சேர்ந்தார். குழந்தையை அக்காவின் மடியில் விட்டுவிட்டு வரிசையக்கா விமானம் ஏறினாள். இதே விமான நிலையத்தில் மூன்று வருடம் கழிப்பறை கழுவினாள். குரல் கணீரென்று இருக்கிறதே என்று யாரோ சொல்லி வரிசைக்கு மாற்றினார்கள். அக்கா தையல்காரி; கல்யாணம், காட்சி என்று எதுவும் பண்ணிக்கொள்ளாமல் தங்கை பெண்ணை வளர்த்தாள். சின்ன வயதில் தொலைபேசி மணி அடித்தால் குழந்தை ஓடிவந்து, "பெரிம்மா, போனம்மா கூப்புடறாங்க" என்று கத்தும். அக்கா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். வரிசையக்காவும் சிரிப்பாள். சிரித்துவிட்டுப் போனை வைத்தபின், துவைத்து வைத்த யூனிஃபார்மையே எடுத்து மறுபடி துவைப்பாள்.

பதினாலு வருடத்தில் மூன்று முறை ஊருக்குப் போயிருந்தாள். கடைசியாகப் போனபோது மகளுக்குப் பதின்மூன்று. அம்மாவின் காது மடல் வரைக்கும் இருந்தாள். அதற்கப்புறம் ஒரு முறை கம்பெனி கைமாறியது, ஒரு முறை விடுப்பைக் கடைசி வாரத்தில் ரத்து செய்தார்கள், ஒரு முறை அவளுக்கே உடம்புக்கு முடியவில்லை. ஆறு வருடம் ஓடிவிட்டது. வீடியோவில் தினமும் பார்க்கிறாயே, அப்புறம் என்ன ஏக்கம் என்பார்கள் அறைத் தோழிகள். வீடியோவில் முகம் தெரியும். உயரம் தெரியுமா? "அஞ்சடி ஆறு அங்குலம் வந்துட்டாடி" என்று அக்கா அளவு நாடாவைப் பிடித்துப் பார்த்துச் சொன்னபோது, அது ஏதோ துணிக்கடைக் கணக்குப் போலத்தான் காதில் விழுந்தது. பக்கத்தில் நின்றால் தன் தோள் அவளுக்கு எங்கே வரும், கட்டிப்பிடித்தால் தன் முகம் எங்கே பதியும் என்று வரிசையக்காவுக்குத் தெரியவில்லை. பெற்றவளுக்கு இது தெரியாமல் இருப்பது வெட்கமாக இருந்தது. ஆசையாகவும் இருந்தது.

மகளுக்கு வேறொரு நாட்டில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்தது. டிக்கெட் போட்டபோது வழியில் இந்த விமான நிலையத்தில் இறங்கி ஏறும்படி வந்தது. தற்செயலா, மகள் வேண்டுமென்றே தேடிப் போட்டதா என்று இவள் கேட்கவில்லை. காலை ஒன்பது பத்துக்கு இறங்க வேண்டும். அடுத்த விமானம் பன்னிரண்டு நாற்பதுக்கு. கவுண்டரைத் தாண்டிப் போக வரிசையக்காவின் அட்டைக்கு அனுமதி கிடையாது. வரிசைக்கு இந்தப் பக்கம் விமானத்து வாசல், அங்கேயும் கிடையாது. ஆக, மகள் வரிசையில் நிற்கிற நேரம்தான் அவளுக்கு.

அதற்குத்தான் எட்டுத் திருப்பம். சாதாரணமாக மூன்று நீளமான மடிப்பில் வரிசை ஓடும். நிற்பவர் அவளை ஒரே ஒரு முறை நெருங்கிக் கடப்பார். அன்று காலை எட்டரைக்கே அவள் கம்பங்களை நகர்த்தி, மடிப்புகளைக் குட்டையாக்கி, அடுக்கடுக்காக வைத்தாள். மடிப்பைக் கூட்டுவதால் யாருக்கும் நேரம் கூடாது. அத்தனை பேர், அத்தனை கவுண்டர், அதே கணக்குத்தான். ஆனால் இப்போது வரிசையில் வருகிற எவரும் அவள் நிற்கும் மூலையில் வந்து எட்டு முறை திரும்பியாக வேண்டும். எட்டு முறையும் கை எட்டும் தூரம்.

சூப்பர்வைசர் வந்து பார்த்தார். அவருக்குக் கூடத்தில் பெயர் கடிகாரம். மணிக்கட்டைப் பார்க்காமல் அவர் யாருக்கும் குட்மார்னிங்கூடச் சொன்னதில்லை.

"என்ன இது, ஜாங்கிரி சுத்தி வச்சிருக்கே?"

"மூணு பெரிய ப்ளைட் ஒண்ணா வருது சார். கூட்டம் வெளிய வழியும்."

கடிகாரம் மணிக்கட்டைப் பார்த்தார். "ம்" என்று போய்விட்டார்.

எட்டுத் திருப்பத்துக்கும் என்ன பேசுவது என்று அவள் ஒரு வாரமாக யோசித்து வைத்திருந்தாள். முதல் திருப்பத்தில் பேசவே கூடாது, பார்த்தால் போதும். கடைசித் திருப்பத்தில் என்ன சொல்வது என்பது மட்டும் பிடிபடவில்லை. அங்கே போனால் தானாக வரும் என்று விட்டுவிட்டாள்.

ஒன்பது பத்துக்கு வர வேண்டிய விமானம் பத்து ஐம்பதுக்கு வந்தது. பலகையில் எண் பச்சையாக மாறும்வரை அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கூடவே வேறு இரண்டு விமானங்கள் ஆளைக் கொட்டின. பதினொன்று ஐந்துக்குக் கூடத்தின் வாசலில் ஒரு பச்சை முதுகுப்பை தெரிந்தது. அக்கா வாங்கிக் கொடுத்த பை. வீடியோவில் நாலு கோணத்தில் காட்டியிருந்தார்கள்.

மகள் வரிசையின் வாலில் நின்றாள். பின்னால் கைக்குழந்தையோடு ஒரு தம்பதி வந்தார்கள். விலகி அவர்களை முன்னால் விட்டாள். அப்புறம் ஊன்றுகோலோடு ஒருவர், அவரையும் விட்டாள். அக்கா நல்லபடியாகத்தான் வளர்த்திருக்கிறாள் என்று வரிசையக்காவின் மனம் குளிர்ந்தது. அத்தனை வருட அனுபவம் இருந்தும் அந்த இடத்தில் அவளுக்கு மூளை வேலை செய்யவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

முதல் திருப்பத்தில் மகள் குனிந்து, உதடு அசையாமல், "அம்மா" என்றாள். நடுவில் இரைச்சல் இல்லாமல், விட்டுவிட்டு வராமல், அந்தச் சொல் முழுசாக வந்தது. வரிசையக்கா "போர்டிங் பாஸ கையில வச்சுக்குங்க" என்று கூடத்துக்கே பொதுவாகச் சத்தம் போட்டாள். மகளுக்கு முன்னால் நின்றவரின் பாஸை வாங்கிப் பார்த்தாள். பின்னால் நின்றவரின் பாஸையும் வாங்கிப் பார்த்தாள். நடுவில் நின்றவளிடம் கேட்கவில்லை. அந்த முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஒரு காகிதத்தைப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது திருப்பத்தில் கேட்டாள். "சாப்டியா கண்ணு?"

"சாப்ட்டேன்."

"என்ன சாப்ட்ட?"

"ஏதோ குடுத்தாங்க. மூடியத் தெறக்கவே அர மணி நேரம் ஆச்சு."

"அடுத்த ப்ளைட்டு?"

"அதுவும் லேட்டாம்மா. மெசேஜ் வந்துச்சு. ஒரு அவசரமும் இல்ல."

மூன்றாவது திருப்பத்தில், நாடாவைச் சரிசெய்வது போல, கம்பத்தின் மேல் இருந்த மகளின் கைமேல் கையை வைத்தாள். அவள் கையைவிட மகளின் விரல்கள் நீளமாக இருந்தன. ஒரு மூச்சு விடுகிற நேரம். பின்னால் நின்றவர் தொண்டையைக் கனைத்தார். அந்த மனுஷனுக்கு அப்படி என்ன தலைபோகிற அவசரமோ!

"நீ ரொம்ப எளச்சுட்டம்மா. போன்ல குண்டாத் தெரிவ" என்றாள் மகள், நாலாவது திருப்பத்தில்.

"போன்ல எல்லாரும் குண்டுதான். உன் பெரிம்மா யானை மாதிரி தெரியறா, சொல்லிராத."

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஆனால் ஒரு குறை. பேசுவதற்காக மகள் ஒவ்வொரு முறையும் குனிந்துகொண்டிருந்தாள். முதுகில் பை வேறு. உயரம் இன்னும் பிடிபடவில்லை. நாலு திருப்பம் பாக்கி இருக்கிறதே, பார்த்துக்கொள்ளலாம் என்று வரிசையக்கா நினைத்துக்கொண்டாள். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு அவளுக்கு நேரம் தாராளமாக இருப்பது போல இருந்தது.

அப்போது சக்கரம் வந்தான். நடக்க முடியாதவர்களைச் சக்கர நாற்காலியில் வைத்து இரண்டு டெர்மினலுக்கும் தள்ளிக்கொண்டு போகிறவன். காலி நாற்காலியோடு வந்து அவள் பக்கத்தில் நின்று மூச்சு வாங்கினான்.

"தம்பி, அந்தப் பன்னண்டு நாப்பது எத்தன மணிக்குக் கெளம்புதாம்? லேட்டுன்னாங்களே."

"யாரு சொன்னா? இப்பதான்க்கா ஒரு பெரியவர அந்த வாசல்ல எறக்கிட்டு வர்றேன். கரெக்ட் டைம். பன்னண்டு இருவதுக்குக் கதவ சாத்திருவாங்க."

வரிசையக்கா வெடுக்கென்று நிமிர்ந்து பார்த்தாள். சுவரில் மணி பதினொன்று நாற்பத்தி ஒன்று. இங்கிருந்து அந்த வாசலுக்கு, ஓட்டமும் நடையுமாகப் போனாலும் இருபத்தைந்து நிமிடம். மகளுக்கு முன்னால் நூறு பேராவது இருந்தார்கள். அவள் வரிசையைப் பார்த்தாள். மகள் இன்னொரு குடும்பத்துக்கு வழிவிட்டுக்கொண்டிருந்தாள். "நீங்க போங்க, எனக்கு நேரம் இருக்கு" என்று கையைக் காட்டியது இங்கே தெரிந்தது. ஊன்றுகோல்காரர், கைக்குழந்தை, எல்லாம் இப்போதுதான் அம்மாவுக்கு விளங்கியது. பெண் வரிசையை நீட்டிக்கொண்டிருக்கிறாள்.

ஐந்தாவது திருப்பத்தில் வரிசையக்கா கையை நீட்டினாள். "போர்டிங் பாஸ்."

"இருக்கும்மா."

"குடு."

மகள் கொடுக்கவில்லை. கண்கள் மட்டும் நிரம்பின. "இது போனா போகட்டும்மா. அடுத்தது நாளன்னைக்குத்தான். எறங்கின எடத்துல கேட்டுட்டேன், ப்ளைட்ட விட்டவங்கள ரெண்டு நாள் வெளிய விடுவாங்களாம். உன் ரூம்ல இருந்துக்கறேன்."

"படிப்பு?"

"நாளைக்குச் சேரலன்னா எடம் போயிரும். அடுத்த வருஷம் எழுதிப் பாக்கறேன். ரெண்டே நாள்மா. உன் கூட நான் எப்ப இருந்தேன், சொல்லு?"

ஆறு பேர் படுக்கிற அந்த அறை வரிசையக்காவின் கண் முன்னால் வந்தது. கீழ்க்கட்டில் அவளுடையது. மகளை அதில் படுக்கவைத்துவிட்டுத் தான் தரையில் படுத்துக்கொள்ளலாம். இல்லை, ஒருக்களித்துப் படுத்தால் இருவருக்கும் இடம் காணும். தலை வாரிவிடலாம். தூங்கும்போது பார்த்துக்கொண்டே இருக்கலாம். இரண்டு நாள், இரண்டு ராத்திரி. பதினாலு வருடத்தில் அவள் எதையும் இப்படி ஆசைப்பட்டதில்லை. ஒன்றுமே செய்யாமல் நின்றால் போதும்; வரிசை தானாக நகர்ந்து, மணி தானாக ஓடி, கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். யாரும் அவளைக் குற்றம் சொல்லமாட்டார்கள்.

எத்தனை ஆயிரம் பேரை அவர்களுடைய விமானத்தில் ஏற்றிவிட்ட கை அது. அது அவளைக் கேட்காமலே மகளின் பையின் பக்கவாட்டிலிருந்து பாஸை உருவியது. 12.40. மணி பதினொன்று நாற்பத்தி நாலு. ஐம்பத்தாறு நிமிடம். விதிப்படி சிவப்பு வட்டம்.

"பாஸ்போர்ட்டக் காட்டு."

"அம்மா, ஒட்டாதம்மா."

ஒட்டினாள். வட்டம் கோணலாக விழுந்தது. நாடாவைக் கழற்றி வழி விட்டாள். மகள் வரிசையைவிட்டு வெளியே வந்து, முதல் முறையாக நடுவில் கம்பமோ நாடாவோ இல்லாமல் அவள் முன்னால் நின்றாள். குனிந்திருந்தாள், அழுகையை மறைக்கக் குனிந்திருந்தாள்.

"நிமிந்து நில்லு கண்ணு" என்றாள் வரிசையக்கா.

மகள் நிமிர்ந்தாள். வரிசையக்காவின் நெற்றி மகளின் உதட்டுக்கு வந்தது. அம்மா அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. அவ்வளவுதான் பார்த்தாள், அதற்குள் கடிகாரம் கூடத்தின் மறுகோடியிலிருந்து வருவது தெரிந்தது.

கடைசித் திருப்பத்துக்கு என்று தேடிக்கொண்டிருந்த பேச்சு எதுவும் வாயில் வரவில்லை. தினமும் நானூறு தடவை வருவதுதான் வந்தது.

"கனெக்ஷன் இருக்கறவங்க இந்தப் பக்கம். நகரு கண்ணு, நகரு. பின்னால ஆள் நிக்குது."

மகள் ஓடினாள். சுவரோரக் கவுண்டரில் மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. முத்திரை விழுந்ததும் திரும்பி ஒரு முறை பார்த்தாள். ஆறடி உயரப் பால்கண்ணாடிக் கதவு திறந்து பச்சைப் பையை உள்ளே வாங்கிக்கொண்டது.

கடிகாரம் வந்து நின்றார். "இப்ப போச்சே ஒரு பொண்ணு. கனெக்ஷன் எத்தன மணிக்கு?"

"பன்னண்டு நாப்பது சார்."

அவர் மணிக்கட்டைப் பார்த்தார். கணக்குப் போட்டார். "அப்ப சரியாத்தான் ஒட்டியிருக்க." அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தார், அந்த மனிதர் மணிக்கட்டைத் தவிர வேறெதையாவது இவ்வளவு நேரம் பார்த்து அவள் கண்டதில்லை. "ஜாங்கிரிய எல்லாம் நான் பிரிக்கச் சொல்றேன். நீ போய் மூஞ்சியக் கழுவு. பிரேக்க இப்பவே எடுத்துக்க."

இடைவேளைக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

பணியாளர் அறையில், பெட்டிகளுக்கும் கைகழுவும் தொட்டிக்கும் நடுவே நின்றுகொண்டு ஊருக்குப் போன் போட்டாள். ஒரே மணியில் அக்கா எடுத்தாள். போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்திருப்பாள்.

"பாத்தியாடி?"

"பாத்தேங்க்கா."

"ப்ளைட்டப் புடிச்சிட்டாளா?"

"புடிச்சிருவா. நல்லா ஓடறா."

அந்தப் பக்கம் தையல் இயந்திரம் ஓடவில்லை. மகள் போட்டிருந்த பேண்ட் அக்கா தைத்தது. போன வாரம் நாடா பிடித்து அளந்து, நோட்டில் எழுதி, கால்மடிப்பை இரண்டு முறை பிரித்துத் தைத்தவள் அவள். அந்தப் பெண்ணின் உயரம் உலகத்தில் வேறு யாரையும்விட அக்காவுக்குத்தான் தெரியும்.

"எவ்ளோ ஒசரம் இருக்கா, சொல்லேன்" என்றாள் அக்கா.

வரிசையக்கா காதில் போனை வைத்தபடியே மற்றொரு கையைத் தூக்கினாள். தன் தலைக்கு மேலே, அந்த வெற்று இடத்தில், உள்ளங்கையைத் தட்டையாக வைத்து நிறுத்தினாள்.

"இவ்ளோக்கா."

"அம்மாடி! அவ்ளோவா?"

"ஆமாக்கா, இவ்ளோ" என்றாள். அக்கா போனை வைத்த பிறகும் அவள் கையைக் கீழே இறக்கவில்லை.